வாசலில் ஒரு வன்னி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் சங்கத்தின் மரபு. இவ்வாண்டு என்னைப் பேச அழைத்த செயலாளர் அவர்களிடம், "வீட்டு நிலத்தில் மரம் நடுவது பற்றிப் பேசுகிறேன்" என்றேன். அவர் சற்றே தயங்கி, "அதற்கு வனத்துறையார் இருக்கின்றார்களே" என்றார். உண்மைதான். வனத்துறையார் காட்டைப் பற்றிப் பேசுவார்கள். மாநகராட்சியார் பூங்காவையும் சாலையோரத்தையும் பற்றிப் பேசுவார்கள். நம் சுற்றுச்சுவருக்கு உட்பட்ட நான்கு முழ நிலத்தைப் பற்றிப் பேசுவதற்குத்தான் யாரும் இல்லை. அக்குறையைத் தீர்க்கவே இன்று உங்கள் முன் நிற்கின்றேன்.

தில்லிக்கு வந்த தமிழர், கரோல்பாக்கிலும் இராமகிருஷ்ணபுரத்திலும் முனிர்க்காவிலும் சனக்புரியிலும் மயூர் விகாரிலும் குடியேறினோம். வந்தவுடன் நாம் தேடியது பள்ளிக்கூடம், அடுத்துக் கோயில், அதற்கடுத்துக் கறிவேப்பிலைக் கன்று. கையகல நிலம் கிடைத்தாலும் கறிவேப்பிலையும் முருங்கையும் வைத்துவிடுவது நம் இயல்பு. ஊரை விட்டு வந்தாலும் ஊரின் மணத்தை விட இயலாமையே இதற்குக் காரணம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. முருங்கையைத் தென்னாட்டுச் சொத்து என்று நாம் எண்ணுகின்றோம். தாவர நூலாரோ, அதன் பிறப்பிடம் வடமேற்கு இந்தியாவில் இமயத்தின் அடிவாரம் என்று கூறுகின்றனர். ஆகவே, தில்லியில் முருங்கை வைக்கும் தமிழன், அதனைத் தாய்வீட்டுக்கு அருகில் கொண்டுவந்து சேர்க்கின்றான் என்றே சொல்ல வேண்டும்!

எனினும், 'இது நம் ஊரன்று. ஓய்வு பெற்றதும் திரும்பிவிடுவோம்' என்ற எண்ணம் நம்மிடையே நெடுநாள் இருந்தது. திரும்பியவர் சிலர். பெரும்பாலோர் இங்கேயே வீடு வாங்கி, இங்கேயே பேரப்பிள்ளைகளைக் கண்டுவிட்டனர். ஆயினும் இந்த மண்ணின் மரங்களை நாம் அறிந்துகொள்ளவில்லை. பிறருடைய மரங்கள் என்று கருதி ஒதுங்கி நின்றோம். அவை பிறருடையவை அல்ல என்பதை முதலில் காட்ட விரும்புகின்றேன்.

இந்நகரைச் சுற்றி ஒரு காலத்தில் நிறைந்திருந்த மரம் 'டாக்' என்பது. மாசி, பங்குனியில் இலை உதிர்த்து, தீக்கொழுந்து போலப் பூக்கும். ஓலிப் பண்டிகைக்குச் சாயம் எடுத்தது அதன் மலரிலிருந்துதான். வடநாட்டார் உணவு படைக்கும் இலைத்தட்டும் அதன் இலையால் தைக்கப்பட்டதே. அது வேறு எதுவும் அன்று, நம் புரசு. சென்னையில் புரசைவாக்கத்திற்குப் பெயர் தந்த மரம். வங்காளத்தில் பிளாசி என்னும் ஊர்ப்பெயரும் அதன் வடமொழிப் பெயராகிய பலாசத்திலிருந்து வந்ததே. தில்லியின் தொடர்மேட்டில் வளரும் 'ரோஞ்சு' நம் வெள்வேல். 'பபூல்' நம் கருவேல். 'பேர்' நம் இலந்தை. ஊறுகாய்க்குப் பயன்படும் 'லசோடா' நம் நறுவிலி. 'பீலு' நம் உகாய். சித்திரை வைகாசியில் பொற்சரம் தொங்கவிடும் 'அமல்தாசு' நம் சரக்கொன்றை.

இவை எல்லாவற்றினும் மேலாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பஞ்சாபியர் 'சண்டு' என்றும், இராசத்தானத்தார் 'கேச்ரி' என்றும் வழங்கும் மரம் நம் வன்னி. விருத்தாசலம் திருக்கோயிலின் தலமரம் அது. விசயதசமி நாளில் நாம் வணங்குவதும் அதனையே. பாண்டவர் தம் படைக்கலங்களை ஒளித்து வைத்ததாகப் பாரதம் கூறும் மரமும் இதுவே. அக்கதை நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் விராட நாடு இங்கிருந்து தொலைவில் இல்லை, இராசத்தானத்தில் இருக்கின்றது. அதே இராசத்தானத்தில், 1730-ஆம் ஆண்டில், சோத்பூருக்கு அருகில் உள்ள கேச்ரலி என்னும் சிற்றூரில், அரசனின் ஆட்கள் வன்னி மரங்களை வெட்ட வந்தபோது, அமிர்தா தேவி என்ற விசுனோய் குலப்பெண் மரத்தைத் தழுவி நின்று உயிர் விட்டாள். அவளைத் தொடர்ந்து உயிர் நீத்தவர்களையும் சேர்த்து 363 பேர் என்பது அம்மக்கள் போற்றிவரும் வரலாறு. அம்மரங்கள் அரசனின் காட்டு மரங்கள் அல்ல. ஊர் மக்கள் தம் வயலிலும் வாசலிலும் வளர்த்தவை. ஆகவே, தனியார் நிலத்து மரத்தைப் பற்றிய இந்தப் பேச்சு புதியதன்று.

மண்ணுக்குரிய மரம் என்று நான் சொல்வதற்குப் பற்று மட்டும் காரணமன்று. தில்லியில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்துவிடுகின்றது. மே மாதத்திலும் ஜூன் மாதத்திலும் வெயில் 45 பாகையைத் தொடுவது உண்டு. 'லூ' என்னும் அனற்காற்று இலையைக் கருக்கிவிடும். மார்கழி, தையில் உறைபனிக்கு அருகான குளிர். இம்மூன்றையும் தாங்கப் பழகிய மரமே நாளடைவில் நீர் கேட்காமல் நிற்கும். வன்னியின் வேர் மிக ஆழத்திற்குச் சென்று நீர் தேடும்; நிலத்திற்குத் தழைச்சத்தும் சேர்க்கும். புரசு, நீர் தேங்கும் களிமண்ணிலும் வளரும். இவற்றின் பூவையும் காயையும் நம்பிய பறவைகளும் பூச்சிகளும் இங்கேயே இருக்கின்றன.

மண்ணுக்கு ஒவ்வாத மரத்தால் வரும் கேட்டையும் நாம் அறிவோம். நம் இராமநாதபுரத்தைப் பாழாக்கிய வேலிக்காத்தான், அதாவது சீமைக் கருவேலம், தில்லியின் தொடர்மேட்டையும் மூடி நிற்கின்றது. வெள்ளையர் காலத்தில் விறகுக்காகவும் பசுமைக்காகவும் கொண்டுவரப்பட்ட மரம் அது. நெடுங்காலம் தாவர நூலார் வன்னியையும் அதனையும் ஒரே இனத்தில் வைத்திருந்தனர். ஆனால் ஒன்று ஊரைக் காத்தது. மற்றொன்று ஊரை விழுங்கியது. உள்நாட்டு மரம் என்பதும் போதாது. ஏழிலைப்பாலை நம் நாட்டு மரமே. மழை மிகுந்த காட்டுக்கு உரிய அதனை இங்கே வீதி வீதியாக நட்டனர். அக்டோபர் மாதத்தில் அதன் கடுமணம் தாளாது வருந்துவோர் இந்த அவையிலும் இருக்கலாம். நாட்டுக்குரியது என்பது வேறு. அவ்விடத்து மண்ணுக்குரியது என்பது வேறு.

நிற்க. என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மழைக்காலத்தில், எங்கள் குடியிருப்பில் ஒரு விழா நடத்தி, வீட்டுக்கு இரண்டு கன்றுகள் இலவசமாக வழங்கினார்கள். மாலையும் மேடையும் நிழற்படமும் குறைவின்றி நடந்தன. என்ன கன்று என்று கேட்டேன், கொடுத்தவருக்குத் தெரியவில்லை. சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்று கேட்டேன். அதற்கும் விடை இல்லை. இரண்டையும் நட்டு, மார்கழிக் குளிரில் சாக்கு சுற்றிக் காத்தோம். பங்குனியில் இரண்டும் துளிர்த்தன. என் மனைவி அடைந்த மகிழ்ச்சியை இன்றும் நினைக்கின்றேன்.

மே மாதம் வந்தது. பள்ளி விடுமுறை. ஆண்டுதோறும் செய்வது போலத் தமிழ்நாட்டு விரைவு வண்டியில் ஏறி ஊருக்குச் சென்றோம். நாற்பது நாட்கள் கழித்துத் திரும்பியபோது இரண்டு குச்சிகள் நின்றன. பக்கத்து வீட்டாரிடம் ஒரு சொல் சொல்லியிருந்தால் இரண்டு வாளி நீர் ஊற்றியிருப்பார். நான் சொல்லவில்லை. குற்றம் என்னுடையதே. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். இந்நகரில் இளங்கன்றுக்கு உயிர் போகும் காலம் எதுவோ, அதுவே நாம் ஊருக்குப் போகும் காலம். கன்று கொடுத்தவர்களும் அதன் பின் வந்து பார்க்கவில்லை. நட்ட கன்றுகளை எண்ணியவர்கள், பிழைத்தவற்றை எண்ணவில்லை.

மற்றொரு நிகழ்ச்சி. எங்கள் தெருவில் ஒரு பெரியவர், தம் முன்வாசலில் தானாக முளைத்த வேப்பங்கன்றைத் தம் கையாலேயே பிடுங்கி எறிந்தார். "ஏன் ஐயா?" என்றேன். "இன்று பிடுங்கினால் கேட்பார் இல்லை. நாளை இது மரமாகிவிட்டால், கிளையைத் தொடுவதற்கும் மனுப் போட வேண்டும். என் மகன் வீட்டை இடித்துக் கட்டும்போது யார் அலைவது?" என்றார். அவர் மரத்தை வெறுப்பவர் அல்லர். நாள்தோறும் அரசமரத்தைச் சுற்றி வருபவர். அவரைக் கன்று பிடுங்க வைத்தது அச்சம்.

அந்த அச்சத்திற்கு அடிப்படை 1994-ஆம் ஆண்டின் தில்லி மரங்கள் பாதுகாப்புச் சட்டம். தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் 5 சென்டிமீட்டருக்குக் குறையாத விட்டமும், 1 மீட்டருக்குக் குறையாத உயரமும் அடிமரத்திற்கு இருந்தால், சட்டத்தின் பார்வையில் அது மரம். அதன்பின் அது நம் சொந்த நிலத்தில் நின்றாலும், மர அதிகாரியின் அனுமதியின்றி வெட்டலாகாது. மனுவை 60 நாட்களுக்குள் முடிவு செய்ய வேண்டும் என்பது விதி. மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கிளை கழிப்பதிலும் கட்டுப்பாடு உண்டு; குறிப்பிட்ட சுற்றளவுக்குட்பட்ட கிளைகளை அனுமதியின்றிக் கழிக்கலாம் என்றிருந்த வழிகாட்டு நெறியை 2023-இல் தில்லி உயர்நீதிமன்றம் நீக்கிவிட்டது.

இச்சட்டத்தை நான் குறை கூற வரவில்லை. அது இல்லையேல் இந்நகரில் இன்று நிழலே இராது. ஆனால் அச்சட்டத்தை முழுவதும் படித்தவர் நம்மில் எத்தனை பேர்? அச்சட்டம் அமைத்த மர அதிகார ஆணையத்தின் கடமைகளைக் கூறும் பிரிவில், மரங்களைக் காப்பதோடு, மரங்களைக் கணக்கெடுப்பதும், நாற்றங்கால் நடத்துவதும், நடவேண்டியவர்களுக்கு விதையும் கன்றும் வழங்குவதும், மரம் வளர்ப்போருக்குச் செய்து காட்டி உதவுவதும் சொல்லப்பட்டுள்ளன. 1975-ஆம் ஆண்டின் மகாராட்டிரச் சட்டத்திலும் இத்தகைய கடமைகள் உண்டு. பம்பாயில் இருக்கும் நம் உறவினர் அதனைப் படித்துப் பார்க்கலாம். தண்டிக்கும் கையும் உதவும் கையும் சட்டத்திற்கு இருக்கின்றன. நாம் அறிந்தது தண்டிக்கும் கையை மட்டுமே. உதவும் கையை நீட்டும்படி கேட்பது குடிமக்களின் உரிமை.

இங்கே பொறுப்பு பல இடங்களில் சிதறிக் கிடப்பதும் ஒரு குறை. வெட்ட அனுமதி தருவது வனத்துறையைச் சார்ந்த மர அதிகாரி. சாலையோரமும் பூங்காவும் மாநகராட்சியின் தோட்டத்துறையிடம்; சில இடங்களில் புதுதில்லி நகராட்சிக் குழுவிடமும் வளர்ச்சி ஆணையத்திடமும் இருக்கின்றன. வீட்டுக்காரன் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் நிற்கின்றான். நமக்கு மிக அருகில் இருப்பது மாநகராட்சியின் வட்ட அலுவலகம். வீட்டு வரி கட்டுவதும் குப்பை பற்றி முறையிடுவதும் மாநகராட்சியிடமே. ஆகவே மரம் வளர்ப்போருக்கும் அதுவே முதற்கதவாக வேண்டும்.

அந்தக் கதவில் நாம் கேட்க வேண்டியவை மூன்று என்பது என் கருத்து.

முதலாவது, அறிந்து கொடுக்கும் கன்று. அரசு நாற்றங்கால்களில் மழைக்காலத்தில் இலவசக் கன்றுகள் கிடைத்து வந்திருக்கின்றன. கன்றுக்குக் குறைவில்லை, எந்தக் கன்று எந்த மண்ணுக்கு என்ற அறிவுரைக்கே குறைவு. தொடர்மேட்டின் கல்நிலத்தை ஒட்டிய வீடுகளுக்கு வெள்வேலும் இலந்தையும் வன்னியும் ஏற்றவை. களிமண் பகுதிக்குப் புரசு. குறுகிய முன்வாசலுக்குச் சரக்கொன்றையோ நறுவிலியோ போதும். ஆலையும் அரசையும் சுவரோரம் வைத்தால், பத்தாண்டுகளில் சுவரும் போகும், மரமும் போகும். வன்னிக்கும் இலந்தைக்கும் முள் உண்டு. குழந்தைகள் விளையாடும் இடத்தில் வைக்கலாகாது. இவற்றைத் தோட்டத்துறை ஊழியர் ஒருவர் வந்து, நிலத்தைப் பார்த்து, கால்மணி நேரத்தில் சொல்லிவிடலாம். யமுனைக் கரையிலும் ஆரவல்லித் தொடரிலும் உள்ள பல்லுயிர்ப் பூங்காக்களில், தில்லி வளர்ச்சி ஆணையமும் தில்லிப் பல்கலைக்கழக அறிஞர்களும் சேர்ந்து இம்மண்ணின் மரங்களை மீட்டுக் காட்டியிருக்கின்றனர். அவ்வறிவு பூங்கா வேலியைத் தாண்டி நம் வாசலுக்கு வரவேண்டும்.

இரண்டாவது, மூன்று கோடைக்கு நீர். மூன்று கோடையைக் கடந்த கன்று பெரும்பாலும் வேர் பிடித்துவிடும். கழிவுநீரைத் தூய்மை செய்து பூங்காக்களுக்குப் பாய்ச்சும் வழக்கம் இந்நகரில் உண்டு. அந்நீர் வண்டி வாரத்திற்கு இருமுறை குடியிருப்புக்குள் வந்து, பதிவு செய்த வீட்டுக் கன்றுகளுக்கும் ஊற்றிச் சென்றால் பெருஞ்செலவு ஆகாது. மரம் வைத்தவருக்கு வீட்டு வரியில் கழிவு தரலாம் என்று கூறும் நண்பர்கள் உளர். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. வரிக்கழிவு, கன்றை வைத்த சான்றிதழுக்குக் கிடைக்கும். நீர் கன்றுக்கே கிடைக்கும்.

மூன்றாவது, அச்சம் நீக்கும் உறுதி. தானே விரும்பி மரம் வளர்த்தவன், பட்ட கிளையைக் கழிக்கவோ, சாய்ந்த மரத்தைத் தாங்கவோ உதவி கேட்டால், குறித்த நாளுக்குள் ஒருவர் வந்து பார்க்க வேண்டும். நோயுற்ற மரங்களுக்கு மருத்துவ வண்டிகளை இந்நகரின் உள்ளாட்சி அமைப்புகள் அறிமுகப்படுத்தியிருக்கின்றன. அவ்வண்டி வீட்டு வாசலிலும் நிற்கட்டும். வெட்டுவதற்கு எளிய வழி கேட்கவில்லை நான். வளர்ப்பதற்கு ஒரு துணை கேட்கின்றேன். அத்துணை இருக்கும் என்று தெரிந்தால், எங்கள் தெருப் பெரியவர் அந்த வேப்பங்கன்றைப் பிடுங்கியிருக்கமாட்டார்.

அரசிடம் கேட்பதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. பலர் வீட்டைச் சுற்றி ஒரு பிடி மண்ணும் தெரியாதபடி சிமெண்டுத் தளம் போட்டுவிட்டோம். மரங்களைச் சுற்றி 1 மீட்டர் அளவுக்குச் சிமெண்டை அகற்ற வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் தில்லியின் நகர அமைப்புகளுக்கு ஆணையிட்டது. சாலை மரங்களுக்குச் சொன்ன அந்த நீதி நம் வாசல் மரத்திற்கும் பொருந்தும். வேருக்கு நீரும் காற்றும் போகாத மரம், ஒரு நாள் ஆனிக் காற்றில் சாயும். சாய்ந்தபின் நாம் மரத்தைப் பழிப்போம். முல்லைக்குத் தேர் ஈந்த பாரியைப் பற்றி இம்மேடையில் எத்தனையோ முறை கேட்டு மகிழ்ந்திருக்கின்றோம். அவன் கொடிக்காகத் தேரை விட்டான். நாம் நம் தேரை நிறுத்துவதற்காகக் கொடி படரும் இடத்தை மெழுகிவிட்டோம். கார் நிறுத்தும் இடத்தில் இரண்டு முழம் ஒதுக்குவது, தேர் கொடுப்பதைப் போல அவ்வளவு பெரிய ஈகையும் அன்று.

இச்சங்கத்திற்கு என் வேண்டுகோள் இதுதான். 1950-ஆம் ஆண்டில் கே. எம். முன்ஷி அவர்கள் தொடங்கிய வனமகோத்சவம், ஜூலை முதல் வாரத்தில் வருகின்றது. ஐப்பசி மழையை எண்ணிப் பழகிய நமக்கு, இங்கே நடும் பருவம் அதுவே. அவ்வாரத்தில் நிலம் உள்ள உறுப்பினர் ஒவ்வொருவரும் இம்மண்ணின் மரம் ஒன்றை நட வேண்டும். அடுக்குமாடியில் இருப்போர், தம் குடியிருப்புச் சங்கத்தைக் கேட்டுப் பொதுவிடத்தில் நடலாம். நட்டவர் பெயரையும் மரத்தின் பெயரையும் சங்கம் ஓர் ஏட்டில் எழுதி வைக்கட்டும். மே மாதத்தில் யார் ஊருக்குப் போகின்றார், யார் இங்கே இருக்கின்றார் என்று கேட்டு, இருப்பவர் போகின்றவரின் கன்றுக்கு நீர் ஊற்றுவதாக முறை வைப்போம். மூன்றாம் ஆண்டு விழாவில் பிழைத்த மரங்களின் எண்ணிக்கையை மட்டும் இம்மேடையில் படிப்போம். அந்த ஏட்டை எடுத்துக்கொண்டு மாநகராட்சிக்குப் போய், நான் சொன்ன மூன்றையும் கேட்போம். வெறுங்கையோடு போய்க் கேட்பவனைவிட, வளர்த்த மரத்தைக் காட்டிக் கேட்பவனின் சொல் அவையில் ஏறும்.

இறுதியாக ஒன்று. என் குச்சிகள் இரண்டும் நின்ற இடத்தில், அடுத்த மழைக்காலத்தில் ஒரு வன்னிக் கன்றை வைத்தேன். மெல்ல வளரும் மரம் அது, பொறுமையைச் சோதிக்கும். முதல் மூன்று கோடைகளிலும் நாங்கள் ஊருக்குப் போன நாட்களில், பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மையார் அதற்கு நீர் ஊற்றினார். அவர் பிள்ளைப் பருவத்தில் தம் ஊர் வயலோரத்தில் பார்த்த 'சண்டு' மரம் அது. எனக்கு அது எங்கள் ஊர்க் கோயில் மரம். ஒரே மரத்தைப் பார்த்து இருவரும் தத்தம் ஊரை நினைத்துக்கொள்கின்றோம். சென்ற விசயதசமியன்று என் பேத்தி அதற்குக் குங்குமம் வைத்தாள். இங்கே பிறந்த அவளுக்கு அது ஊர் நினைவன்று. தன் வீட்டு வாசல் மரம். நாம் இந்நகரில் வாழ்ந்தோம் என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.